சந்தனப் பொட்டு வைத்த மூன்று கேப்கள்

தயாளன் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டுகிறார். எதுவும் அவருடைய கார் இல்லை. முடிச்சூரிலிருந்து கேளம்பாக்கம் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கும் டிராவல்ஸ் வண்டிகள். அவர் மனைவி சுபத்ரா அதில் ஒரு நாளும் ஏறியதில்லை, முதலாளிக்குப் பிடிக்காது.

"ஒரு நாளாவது அவள முன் சீட்ல குந்த வச்சி மகாபலிபுரம் இட்டுகினு போவணும் சார்" என்று மாடியில் குடியிருக்கும் என்னிடம் மாதம் ஒரு முறை சொல்லிவிடுவார். நானும் தலையை ஆட்டுவேன். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போன ஆசை அது.

போன ஆடியில், பொத்தேரியில் ஒரு பேராசிரியர் கழித்துக்கட்டிய மாருதி எண்ணூறு ஒன்றை வாங்கி வந்தார். ஆடி மாதத்தில் வண்டி வாங்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன். வண்டி ஓடியது, ஆனால் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். "பேரிங் போய்கீது சார். மாத்துனா சரியாயிடும்" என்று தானே எஞ்சினை இறக்கிப் பிரித்தார். எங்கே வைத்து? வீட்டு ஹாலில், டிவிக்குக் கீழே. மழை வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வெளியே எதையும் பிரித்து வைக்க முடியாது.

சுபத்ரா இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கெடு வைத்தார். "தீபாவளிக்குள்ள ஓடலன்னா காயலாங்கடைக்குப் போட்டுடணும்." தயாளன் சத்தியம் செய்து கொடுத்தார்.

அந்த எஞ்சினில் கனெக்டிங் ராடு மூன்று. ஒவ்வொரு ராடின் அடியிலும் கேப் என்று ஓர் அரைவட்டத் துண்டை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். ராடையும் கேப்பையும் சேர்த்துவைத்துத்தான் நடுத் துளையைக் கடைவது. அதனால் ஒன்றின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. மாற்றிப் பூட்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். இதெல்லாம் தயாளனே எனக்குச் சொன்னதுதான். ஜோடி ஜோடியாக எண் எழுதி, செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தார். ஆனால் எண் எழுதியது சாக்பீஸால்.

ஆயுத பூஜையன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சாமி படத்துக்கு முன்னால் ராடுகள் ஒரு வரிசை, கேப்கள் ஒரு வரிசை. பாத்திரச் சோப்பு போட்டுத் தேய்த்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"இதுவும் ஆயுதந்தானே? எப்டி பளபளன்னு கீது பாருங்க" என்றார் சுபத்ரா. அந்த எஞ்சினைத் தினமும் திட்டுகிறவர்தான், ஆனாலும் மதியம் முழுக்க உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்.

தயாளன் "சூப்பரா கீது" என்றார். நேராக மாடிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"போச்சு சார். எது எதோடதுன்னே தெர்ல. அவளாண்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும்."

"சாக்பீஸில் எழுதச் சொன்னது யார்?" என்று கத்தினேன். எனக்கு உண்மையிலேயே கோபம். தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் அயூப் நடத்தும் லேத் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"நான்தான் பாய் கலக்கிட்டேன்" என்றார் தயாளன். குங்குமத்தைப் பார்த்து அயூப் சிரித்தார்.

ஒவ்வொரு ராடிலும் ஒவ்வொரு கேப்பாகப் பூட்டி, முடுக்கி, இணையும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டினால் அது ஜோடி இல்லை. தட்டாவிட்டால் துளை சரியான வட்டமா என்று அளந்தார். இரண்டு ஜோடி கிடைத்துவிட்டது. மிச்சம் ஒரு ராடு, ஒரு கேப். அது சேர்ந்துதானே ஆக வேண்டும்? சேரவில்லை. திருப்பிப் போட்டும் சேரவில்லை. அயூப் மூன்று முறை அளந்தார்.

"தயாளண்ணா, இது இந்த ராடோட கேப்பே இல்ல. உங்களுக்கு முன்னாடி எவனோ கைக்குக் கெடச்சத மாட்டிக்கீறான். உங்க சத்தம் இதான். நீங்க பாட்டுக்குப் பழைய ஜோடியா போட்டு புது பேரிங் மாட்டியிருந்தா, என்னிக்காவது பைபாஸ்ல எஞ்சின் புட்ச்சிகினு நின்னிருக்கும்."

தயாளன் அந்தக் கேப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பொட்டு இன்னும் அழியவில்லை. இரண்டின் முகங்களையும் தேய்த்துச் சேர்த்து, துளையைப் புதிதாகக் கடைந்து கொடுக்க அயூப்புக்கு ஒரு வாரம் ஆனது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், மறுபடி வண்டியில் ஏறிய எஞ்சின் ஓடியது. அந்தத் தட்டல் சத்தம் இல்லை. தெருவே வந்து பார்த்தது. சுபத்ரா பட்டுப்புடவையில் வெளியே வந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தயாளன் சொல்ல வேண்டாம் என்றதையும் மீறி, நடந்ததை எல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் முகம் முதலில் சுண்டிப்போனது.

"அப்ப நான் கழுவுனதாலதான் தெரிஞ்சிச்சா?"

"ஆமாம்மா."

"ஏன் கலக்குனேன்னு ஒரு வார்த்த கேக்கலியே இந்த மனுஷன்" என்றார்.

அதற்குள் தயாளன் எஞ்சினை ஓடவிட்டே இறங்கி வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து பிடித்தபடி லேசாகக் குனிந்து நின்றார். அவருக்கே தெரியாது. இருபத்தாறு வருடப் பழக்கம்.

சுபத்ரா அந்தக் கதவைப் படாரென்று சாத்தினார்.

"நான் இன்னா உங்க கஸ்டமரா?" என்று சொல்லிவிட்டு, சுற்றிப்போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.