கிணற்றுப் பாறையில் காக்காப்பொன்

பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் கிணறு வெட்டும்போதுதான் பஞ்சம்மாளின் கணவன் ஒச்சாண்டி செத்துப்போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கிணற்றுக்குள் அவனும் கூட்டாளி கருத்தக்கண்ணனும் மட்டும் இருந்தார்கள். கருத்தக்கண்ணன் கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பினான். மறுகணம் மேற்குப் பக்கத்துப் பாறை மொத்தமாக வழுக்கி வந்து ஒச்சாண்டியை மூடிவிட்டது.

"பாத்து நெம்பியிருந்தா எம் புருசன் இருந்திருப்பாக" என்று பிணத்தின் முன்னால் பஞ்சம்மாள் சொன்னாள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கருத்தக்கண்ணனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாய் மூக்கம்மாளைத் தனியே விட்டுவிட்டு அவன் ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போனான்.

பஞ்சம்மாள் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போனாள். சில வருஷம் கழித்து, மலைக்கல்லைப் பற்றிப் படிப்பதற்காக மதுரையிலிருந்து சின்னச்சாமி என்பவர் வந்தார். அவளுடைய குவியலிலிருந்து வரிவரியான கல் ஒன்றைப் பொறுக்கினார்.

"எம் புருசனைக் கொன்ன கல்லுய்யா அது" என்றாள்.

விவரம் கேட்டவர், கிணற்றைப் பார்க்க அவளோடு வந்தார். பாதி தூர்ந்து கிடந்த கிணற்றுக்குள் இறங்கிப் பாறையை வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"இது ஆதியில வெறும் களிமண்ணு, ஆத்தா. பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல புதைஞ்சு, சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருகாமலே வேற கல்லா மாறிருச்சு. நெருக்கினதுல உள்ளே உண்டான காக்காப்பொன்னு, அதான் இந்த மினுங்குற அப்பிரகத் தகடு, எல்லாம் ஒரே வாக்குல படுத்துருச்சு. அதான் இந்த வரி. இப்படி வரியுள்ள கல்லு ஒரு வகை. வரி இல்லாத கல்லு இன்னொரு வகை. சுண்ணாம்புக்கல்லு மாறிச் சலவைக்கல்லு ஆகுதே, அது மாதிரி. வரியில்லாததுல இப்படி ஏடு ஏடாப் பிரியாது."

பளபளக்கும் ஒரு ஏட்டை நகத்தால் உரித்துக் காட்டினார்.

"இங்கன வரியெல்லாம் கிணத்துக்குள்ள சாஞ்சு கெடக்கு. அடியை வெட்டினதும் மேல உள்ளது வழுக்கிருச்சு. நெம்பாட்டியும் வந்துதான் இருக்கும்."

"அப்ப கருத்தக்கண்ணன்?"

"அவர் மேல குத்தமில்லை."

மறுநாளே தோட்டத்துக் கூலியாட்களோடு பஞ்சம்மாள் மலையேறினாள். அவனைக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான் நினைப்பு. தோட்டத்துக் கங்காணி அவளை உட்காரச் சொன்னார்.

"போன ஆடி மழையில குளிர்காய்ச்சல் கண்டு போயிட்டான்மா. ஊருல யாருக்குச் சொல்லணும்னு கேட்டோம். யாருக்கும் வேண்டாம்னுட்டான்."

அவன் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் பஞ்சம்மாள் நேரே மூக்கம்மாள் வீட்டுக்குப் போனாள். மூக்கம்மாள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சம்மாள் கம்பளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, முதலில் பாறையைப் பற்றிச் சொன்னாள். அதைச் சொல்வதுதான் அவளுக்கு எளிதாக இருந்தது. மூக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். வெகுநாளாக இல்லாத தெளிவு அவள் முகத்தில் வந்தது.

"அப்ப எம் மவன் ஊருக்கு வரலாம்ல?"

பஞ்சம்மாள் முந்தானையை விலக்கினாள். கம்பளியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

பாறை வழுக்கிய கதையைப் பஞ்சம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். மூக்கம்மாளின் வாசலில் தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீரை எடுத்துக்கொண்டு வெறுங்குடத்தை வெளியே வைப்பாள் மூக்கம்மாள். சாகும்வரை பஞ்சம்மாளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.