இன்ஜினை அணைத்துப் பழகியவர்

அந்தத் தெருவில் அவரை எல்லாரும் 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு; அது வங்கிக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவர் தொழில். எந்தக் கூட்டமானாலும் மேடையில் முதலில் பேசுவது அவர்தான். மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்பார். இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு ஏறுகிறவர்களில் பலர் அவ்வளவு உருப்படியாக எதையும் பேசியதில்லை என்பது ஊரில் பொதுவான அபிப்பிராயம்.

அவர் போட்ட மைக் பாதியில் செத்ததாகச் சரித்திரம் கிடையாது. மழை வந்து பந்தல் சரிந்த அன்றும், மின்சாரம் போய் ஊரே இருண்ட அன்றும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்ட அன்றும் மைக் மட்டும் உயிரோடு இருந்தது. அதற்கு அவர் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒரு பேட்டரி வேண்டிய இடத்தில் இரண்டு இருக்க வேண்டும். இரண்டாவதற்கும் துணையாக ஒன்று இருந்தால் இன்னும் நிம்மதி. அடுத்த சட்டம், மைக்கை முடுக்குவதற்கு முன் வேன் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த உறுமல் மைக்கில் ஏறி, பேசுகிறவருக்கு வயிறு சரியில்லாதது போலக் கேட்கும். சிலருக்கு அது பொருத்தமாகவே இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசிலோடு வெயிலில் பிள்ளைகளை விரட்டி விரட்டி ஓடவிட்டவர். ஒரு நரம்பு நோய் வந்தது. மற்ற நேரத்தில் சாதாரணமாக இருப்பார். உடம்பு சூடேறினால் மட்டும் பார்வை மங்கும், கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. "ரெண்டும் லீவு போட்டுடுச்சு" என்பார், ஏதோ பக்கத்து வகுப்பு டீச்சர்களைப் பற்றிச் சொல்வது போல. குளிர்ந்த அறையில் கொஞ்ச நேரம் படுத்தால் கால்கள் வேலைக்குத் திரும்பிவிடும். அதனால் வேலையை விட்டார், கடைவீதியை விட்டார். வீட்டில் ஏசி இருக்கும் ஒரே அறை அவருடைய நாடாயிற்று.

டீச்சருக்கு ஓர் அக்கா. இரண்டு நாள் சாலைப் பயணத் தூரத்தில், மரமே இல்லாத வறண்ட மேட்டு நிலத்தில் இருக்கிறார். அக்காவின் கணவர் படுத்த படுக்கை. அக்காவால் கிளம்ப முடியாது, தங்கையால் வெயிலைத் தாண்ட முடியாது. போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று உறவினர்கள் யோசனை சொன்னார்கள். பேசத்தான் செய்தார்கள். அக்கா போனைப் பிடிக்கும் அழகில் நெற்றியும் உத்தரத்தில் சுழலும் மின்விசிறியும்தான் தெரியும். கொஞ்சம் கீழே இறக்கு என்றால் மின்விசிறி போய்விடும், தரை வரும்.

ஒருநாள் அப்படிப் பேசி முடித்துவிட்டு டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். "என்னங்க, நெத்தியில நரை விழுந்திருக்கு. மீதி எப்படி இருக்குன்னு தெரியல. அவளை முழுசா ஒரு தடவை பார்க்கணும்."

மறுநாள் காலை ஹலோ, ஸ்பீக்கர் பெட்டிகள் ஏற்றும் தன் பழைய வேனைக் காலி செய்து கழுவிக்கொண்டிருந்தார்.

திட்டம் கேட்க எளிமையாக இருந்தது. வேனுக்குள் ஒரு கட்டில், கூரையில் ஒரு சின்ன ஏசி, அது ஓடுவதற்குப் பேட்டரி. வழியில் விடுதிகள் உண்டு, ஆனால் மத்தியானத்தில் மின்சாரம் இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அக்கா வீட்டிலோ ஒயரிங் அவ்வளவு பழசு, தண்ணீர் காய வைக்கும் கெட்டிலைப் போட்டாலே ஃபியூஸ் போய்விடும். ஆகவே வேனே அறை, வேனே ஆஸ்பத்திரி, வேனே விருந்தினர் மாளிகை.

ஏசிக்காரர் வந்து, இந்தச் சின்ன ஏசி இத்தனை வாட் இழுக்கும், அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும், ஆகவே பாதி நேரக் கணக்குப் போட்டால் போதும் என்றார். ஹலோவுக்கு இந்தப் பாதி என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. பாதியில் நிற்கிற சமாச்சாரங்களை ஒழிப்பதற்காகவே வாழ்ந்தவர் அவர். முழு நேரத்துக்கும் கணக்குப் போட்டார். போகிற இரண்டு நாளைக்கும், இரவுக்கும் பகலுக்கும் போட்டார். சாதா பேட்டரியை அடிவரை வறண்டுபோகவிட்டால் அது சீக்கிரம் செத்துவிடும், பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அவருக்கே தெரியும், அதற்காக இரட்டிப்பாக்கினார். அதன்மேல் துணைக்கு, துணைக்குத் துணை. பேட்டரிக் கடைக்காரர் முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு கவலைப்பட்டார், கடைசியில், "தியேட்டர் ஏதாவது கட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

வந்து இறங்கியவை எட்டு. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏற்றி முடித்தபோது வேனின் பின்பக்கம் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து, முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்த்தன. ஹலோ வேலையில் மூழ்கியிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. ஒயர்களை அழகாக முறுக்கி, கிளிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வண்ண டேப் ஒட்டினார். அந்த வேலையைப் பார்த்தால் எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் பொறாமை வரும். வெயில் தாழ்ந்ததும் மனைவியை அழைத்துவந்து கதவைத் திறந்து காட்டினார்.

டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கட்டில் எங்க?"

ஹலோ திரும்பிப் பார்த்தார். கட்டில் சுவரோரமாக வெளியே சாய்ந்திருந்தது. உள்ளே அதற்கு இடமில்லை.

"சரி, பேட்டரிங்க போய் அக்காவைப் பார்த்துட்டு வரட்டும். பாவம், எட்டு பேர், பொழுதும் நல்லா போகும். நாம வீட்ல இருக்கலாம்."

ஹலோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. உனக்காகத்தானே இவ்வளவும், வழியில் ஒரு நிமிஷம் ஏசி நின்றால் நீ என்ன ஆவாய் என்று நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். கேட்டுவிட்டு, தன் குரல் நடுங்கியதற்காகக் கோபித்துக்கொண்டு ஒரு பேட்டரி மேலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் படியில் கையூன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். விளையாட்டுப் போட்டியில் தோற்ற பையன்களை அவர் கையாளும் முறை ஒன்று உண்டு: ஆறுதல் சொல்ல மாட்டார், கேள்வி கேட்பார்.

"வண்டி ஓடிட்டுதானே இருக்கும்? ஓடும்போது இந்த பேட்டரிங்களுக்கு இன்ஜின்லேர்ந்து கரண்ட் ஏறாதா?"

"மைக் போட்டா இன்ஜின் ஓடக் கூடாதும்மா" என்றார் ஹலோ. யோசிக்கவே இல்லை, தும்மல் மாதிரி வந்தது.

"மைக் யாருங்க போட்டது?"

தன் வாழ்நாளில் பேட்டரியையும் ஓடுகிற இன்ஜினையும் ஒரே நேரத்தில் ஹலோ நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒன்று உயிரோடு இருக்க வேண்டுமானால் மற்றது தூங்க வேண்டும், அதுதான் உலகம். அந்தப் பழக்கத்தில், சாலையில் ஓடப்போகிற வேனை மைதானத்தில் நிறுத்திய வேனாகவே வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு பொதுக்கூட்டத்தைத் திட்டமிட்டிருக்கிறார். பேச்சாளர் இல்லை, தலைவர் இல்லை, ஏற்பாடு மட்டும் பிரமாதம்.

"நாம ஊருக்குப் போறோமா, மீட்டிங் போடறோமா?" என்று டீச்சர் கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே எழுந்து ஒயர்களைக் கழற்றத் தொடங்கினார். இது லேசான காரியமில்லை. ஒரு வாழ்க்கை முழுக்கச் சரியாக இருந்த ஒன்றை ஒரு சாயங்காலத்தில் தப்பு என்று ஒப்புக்கொண்டு, ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கிற மனுஷர்கள் மேடைகளில் அகப்படுவதில்லை. மேடைக்குப் பின்னால்தான் அகப்படுகிறார்கள்.

புதுத் திட்டம் அடக்கமாக இருந்தது. ஓடும்போது வேனின் சொந்த ஏசியே உள்ளே குளிர் தரும். இன்ஜினின் டைனமோவிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, இடையில் ஒரு சார்ஜர் வைத்து பேட்டரிக்கு ஏற்றுவது. கூரை ஏசி, வண்டி நிற்கும் நேரத்துக்கு மட்டும். சாதா பேட்டரிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடை குறைந்ததும் அடிவரை எடுக்கக்கூடியதுமான லித்தியம் பேட்டரி வாங்கினார். உள்சுவர் முழுக்க வெப்பம் தடுக்கும் பலகை அடித்தார். கட்டிலைச் சுற்றித் தடித்த திரை தைத்தார்கள், வேன் முழுவதையும் விட்டுவிட்டு அவர் படுக்கும் இடத்தை மட்டும் குளிரவைத்தால் போதும் என்று. அந்த யோசனை யாருடையது என்பதில் இருவருக்கும் இன்றுவரை தகராறு.

பேட்டரி ஒன்று போதும் என்றார் டீச்சர். இரண்டு என்றார் ஹலோ. அதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை.

"ஒண்ணே போதும்னு ஏசிக்காரரும் சொல்றாரு, கடைக்காரரும் சொல்றாரு."

"அவங்க ரெண்டு பேரும் உன் கூட வரல. நான்தான் வரேன்."

இரண்டு பேட்டரியும் வேனில் ஏறின.

முதல் நாள் பயணம் சுகமாகப் போயிற்று. இன்ஜின் ஓடிற்று, பேட்டரிகள் நிரம்பின, டீச்சர் திரையை விலக்கிவைத்துக்கொண்டு எதிரே வரும் வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் உச்சி வெயிலில், நிழல் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒரு பொட்டலில், வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் எங்கோ பெட்ரோல் லாரி ஒன்று கவிழ்ந்து சாலையெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. காவலர் ஒருவர் ஓடிவந்து, எல்லாரும் இன்ஜினை அணைக்க வேண்டும், ஒரு பொறி பட்டாலும் போச்சு என்று வண்டி வண்டியாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஹலோ சாவியைத் திருப்பினார். எத்தனையோ ஆயிரம் முறை திருப்பிய சாவி. இந்த முறை திருப்பியதும் கண் மீட்டருக்குப் போயிற்று.

கூரை ஏசி மட்டும் ஓடியது. முன் கண்ணாடிக்குப் படுக்கை விரிப்பைக் கட்டினார். இறங்கி ஈரத்துணியைக் கூரையில் போட்டார். அது காய்வதற்குள் அடுத்ததைப் போட்டார். சுற்றிலும் வண்டிக்காரர்கள் லாரிகளின் அடியில் புகுந்து படுத்திருந்தார்கள். மீட்டரில் முள் மெல்ல இறங்கியது. முதல் பேட்டரி கால்பாகத்துக்கு வந்தபோது திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

"இது முடியப் போகுது. இன்னொண்ணு முழுசா இருக்கு."

ஹலோ அடுத்த துணியை நனைத்துப் பிழிந்தார்.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"டியூட்டியிலதான் இருக்கு. நீங்க நிழல்ல உட்காருங்க முதல்ல. நீங்க விழுந்தீங்கன்னா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

முதல் பேட்டரி ஓய்ந்தது. மாற்றும் ஸ்விட்சை அவர் தட்டினார். ஏசியின் ஓசை ஒரு நொடி தடுமாறி, மறுபடி எடுத்தது. அந்த நொடியில் ஹலோவின் மூச்சும் நின்று, அதோடு சேர்ந்தே கிளம்பியது. வழி திறந்து காவலர் கையசைத்தபோது இரண்டாவதிலும் பாதிக்கு மேல் போயிருந்தது. டீச்சர் திரையை விலக்கி, முன் இருக்கைக்குத் தானே நடந்து வந்து உட்கார்ந்தார். மீட்டரை ஒரு தடவை பார்த்தார். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, முதலில் ஹலோவுக்குக் கொடுத்தார்.

அக்கா வாசலில் நின்றிருந்தார். நெற்றி, அதற்குக் கீழே கண்கள், மூக்கு, முகவாய் எல்லாம் இருந்தன. வயதாகியிருந்தது. வேனுக்குள் ஏறி, கட்டிலில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஏன்டி இப்படி இளைச்சுட்ட?" என்றார். ஹலோ கதவைச் சாத்திவிட்டு, குளிர் வெளியே போகக் கூடாது என்பதற்காக மட்டுமே சாத்தியவர் போல, டயர்களைப் பரிசோதிக்கப் போய்விட்டார்.

வேன் அங்கேயே நின்றால் பேட்டரி இறங்கும். வீட்டு ஒயரிங்கை நம்ப முடியாது. ஆகவே தினமும் காலையில், அக்காவின் கணவரைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ள நர்ஸ் வந்ததும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக ஹலோ வண்டியை எடுப்பார். தங்கை உள்ளே இருக்கிறார், அதனால் அக்காவும் ஏறிக்கொள்வார். கணவர் படுத்ததிலிருந்து மருந்துக்கடையைத் தாண்டிப் போகாதவர். ஏரிக்கரை, பழைய பள்ளிக்கூடம், அந்தப் பக்கத்துக் குன்று என்று வண்டி சுற்றும். பின்னால் இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள். பாதி நேரம் சண்டை, யார் யாருடைய பாவாடையை எரித்தது என்பது போன்ற அவசர விவகாரங்கள்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய காலை. வெகுதூரம் வந்துவிட்டிருந்தார்கள். திரையை விலக்கி அக்கா முன்னால் தலை நீட்டினார்.

"ஏன் தம்பி, பேட்டரி நிரம்பிடுச்சா? திரும்பணுமா?"

மீட்டரில் முள் எப்போதோ உச்சியைத் தொட்டு, போக இடமில்லாமல் நின்றிருந்தது. ஹலோ அதைப் பார்த்தார். கண்ணாடியில் மனைவியையும் பார்த்தார். அவர் அக்காவின் தோளில் சாய்ந்தபடி, ஹலோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிதான் ஏறியிருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு ஹலோ, குன்றைச் சுற்றிக்கொண்டு போகும் நீளமான சாலைக்கு வண்டியைத் திருப்பினார்.