கணக்கில் வராத ரயில்

அந்தக் கூட்டத்துக்கு அவள் லாக்கர் அண்ணி. ரோலர் கோஸ்டர் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று திரிகிற பத்துப் பன்னிரண்டு பேர் அவர்கள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, லீவு கிடைத்தால் போதும், எந்த ஊரில் எந்தப் பூங்கா என்று கிளம்பிவிடுவார்கள். வண்டியில் ஏறும் முன் எல்லோருடைய பர்ஸும் போனும் தொப்பியும் கண்ணாடியும் அவள் மடிக்கு வந்து சேரும். துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தவள் அவள். பழைய ஜீன்ஸ்களை வெட்டி, உள்ளே அறை அறையாகத் தடுத்து, இதற்கென்றே ஒரு பை தைத்து வைத்திருந்தாள். ஏறச் சொன்னால் மட்டும் பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவாள். பார்க்கும்போதே குடலைப் புரட்டுகிறது, நீங்கள் போய் வாருங்கள் சாமிகளா என்பாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். காலையிலிருந்து மாலை வரை கம்பிவடத்தையும் பிரேக்கையும் தட்டிப் பார்க்கிற வேலை. எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு, லீவு நாளிலாவது நான் விழுந்துகொள்கிறேனே என்று சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு பூங்காவிலும் தவறாமல் அவளைக் கூப்பிடுவார். அடுத்த தடவை பார்க்கலாம் என்று அவளும் தவறாமல் சொல்வாள். அடுத்த தடவை என்று ஒன்று எப்போதும் இருக்கும் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கூட்டத்தில் அவருக்கு ஜட்ஜ் என்று பட்டம். எது ரோலர் கோஸ்டர், எது இல்லை என்பது அவர் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு அது உயிர்போகிற விஷயம். உயரம் முக்கியமில்லை, வேகம் முக்கியமில்லை, தலைகீழாகச் சுற்ற வேண்டும் என்றும் இல்லை. தண்டவாளம் வேண்டும். சங்கிலி போட்டு மேலே இழுத்துக்கொண்டு போகலாம், ஆனால் உச்சியில் விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு வண்டி தன் பாரத்திலேயே ஓடிவர வேண்டும். குழந்தைகள் ஏறுகிற துக்கடா வண்டியானாலும் அப்படி ஓடினால் கணக்கில் சேரும். வழி நெடுக மோட்டார் தள்ளிக்கொண்டே வந்தால், எவ்வளவு வளைந்து நெளிந்தாலும் சேராது. அது வேஷம் போட்ட ரயில். புதிதாக ஒன்றைக் கண்டால் மனிதர் முதலில் முட்டிபோட்டு அடியில் சக்கரத்தைத்தான் பார்ப்பார். பாதி தண்ணீரிலும் பாதி தண்டவாளத்திலும் ஓடுகிற வண்டி ஒன்று சேருமா சேராதா என்று ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

சவாரி முடிந்து மற்றவர்கள் துள்ளிக்கொண்டு இறங்க, அவர் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடவித் தடவி வருவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது அவருக்கு. அவள் பெஞ்சில் எழுந்து நின்று கர்ச்சீப்பை ஆட்டுவாள்.

அந்தக் கூட்டத்திலேயே அவருக்கு நெருக்கம் பல்செட்டுக்காரர்தான். லேபில் பல்செட் செய்கிறவர், வயதில் இளையவர், அண்ணே அண்ணே என்று கூடவே திரிந்தவர். ஒருநாள் ஏதோ ஒரு வண்டி சேருமா சேராதா என்பதில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. அதோடு பல்செட்டுக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். என்ன நடந்தது என்று அவள் கேட்டதற்கு, கணக்கு விஷயம், உனக்குப் புரியாது என்று புருஷன் வாயை அடைத்துவிட்டார். வருஷங்கள் ஓடிவிட்டன.

பிறகு புருஷனுக்கு நெஞ்சு சரியில்லாமல் போனது. பெரிய வண்டிகளை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆள் இளைக்க இளைக்க, அவர் பேன்ட் இடுப்பை அவளே பிடித்துப் பிடித்துத் தைத்தாள். ஒரு தடவையாவது கூட ஏறியிருக்கலாமே என்று தைக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். இனி எங்கே ஏறுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று வாங்கலாம் என்று ஏரிக்கரைப் பூங்காவுக்கு அவரைக் கூட்டிப்போனாள். மரங்களுக்கு நடுவே குழந்தைகளுக்கான டிராகன் ரயில் ஒன்று மெதுவாக ஏறி இறங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முட்டிபோடவில்லை. முடியவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"வா, ரெண்டு பேரும் ஏறுவோம்" என்றார்.

"இதுவும் கோஸ்டர்தானா? கணக்குல வருமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வரும்."

பையை டிக்கெட் கிழிக்கிறவரிடம் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். கண்ணாடியை வாங்கி வைத்துக்கொள்ளப் பெஞ்சில் ஆள் இல்லை; அவர் போட்டுக்கொண்டே வந்தார். முதல் இறக்கத்திலேயே அவள் ஊரைக் கூட்டிவிட்டாள். முன் பெட்டி வாண்டுகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. அவர் தண்டவாளத்தைப் பார்க்கவே இல்லை. சுற்று முடியும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வாசலுக்கு வந்ததும் யாருக்கோ போன் போட்டு நெடுநேரம் காதில் வைத்திருந்தார். எடுக்கவில்லை. ஒரு தீர்ப்பை மாற்ற வேண்டும், நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். கிறுக்கு இன்னும் விடவில்லையே என்று அவள் கேலி செய்தாள். நேரில் போக வாய்க்கவில்லை. மழை பிடித்ததும் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் படுக்கை, மறுபடி ஆஸ்பத்திரி. ஒருநாள் அவள் மட்டும் வீடு திரும்பினாள்.

துக்கம் கேட்கக் கூட்டம் மொத்தமும் வந்தது. பல்செட்டுக்காரரும் வந்து கதவோரமாக உட்கார்ந்தார். ஜட்ஜின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி, அழுகையும் சிரிப்புமாக இருந்தது வீடு. அவளுக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் நானும் ஒன்றில் ஏறிவிட்டேன், அவர் கூடவே, ஏரிக்கரை டிராகனில் என்றாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர், இடம் பொருள் தெரியாத மனிதர், போட்டு உடைத்தார்.

"அது முழுக்க மோட்டாராச்சே அண்ணி. சேராதுன்னு ஜட்ஜே தீர்ப்பு சொன்னதாச்சே."

பக்கத்திலிருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார். கிள்ளி என்ன செய்ய, சொன்னது சொன்னதுதான்.

எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்றே சொல்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர், அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிய அந்த ஒன்றில், அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல, கணக்கில் வரும் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாரே. அப்படியானால் அவருடன் அவள் எதிலுமே போகவில்லை. சண்டை பிடிக்கலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை.

பல்செட்டுக்காரர் மட்டும் போகாமல் இருந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். ஜட்ஜுக்கும் அவருக்கும் நடந்த சண்டைக்குக் காரணமே அந்த டிராகன்தானாம். தன் மகள் சின்னவளாக இருந்தபோது அவளை அதில் கூட்டிப்போயிருக்கிறார். பிறகு புருஷன் பெண்டாட்டி பிரிந்து, குழந்தையை அம்மா வேறு தேசத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். நாங்கள் சேர்ந்து போனது அது ஒன்றுதான் அண்ணே, அதை மட்டும் கணக்கில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பாசத்துக்குத் தனிச் சட்டமா, மோட்டார் என்றால் மோட்டார்தான் என்று நாலு பேர் முன்னால் ஜட்ஜ் சொல்லிவிட்டார்.

"அப்புறம் ஒரே ஒரு தடவ போன் பண்ணாரு அண்ணி. ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம். பேரப் பாத்தேன். இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சான்னு வீம்புக்கு எடுக்கல."

அவள் திரும்பினாள். பூங்கா வாசலும் காதோடு ஒட்டிய போனும் கண் முன்னால் வந்தன. அவர் பொய் சொல்லவில்லை. முட்டிபோட்டுப் பார்க்காததும் முடியாமல் அல்ல. அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரிந்துதான் கணக்கில் வரும் என்றிருக்கிறார். சட்டத்தையே மாற்றியிருக்கிறார் மனிதர்.

"நாங்க அந்த ரயில்லேந்து எறங்கி வந்த ஒடனே பண்ணாரு தம்பி. ஒரு தீர்ப்ப மாத்தணும்னாரு. உங்களுக்குத்தான் அந்த போன். பாப்பாகூட நீங்க போனது கணக்குல வந்தாச்சு."

அன்று எடுத்திருந்தால், படுக்கையில் கிடந்த மாதங்களிலாவது அண்ணன் பக்கத்தில் இருந்திருக்கலாம். அதை அவள் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பல்செட்டுக்காரரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடப் பார்த்தார், கண்ணாடி இடித்தது.

அவள் கை பழக்கத்தில் தானாக நீண்டது.

"கண்ணாடியக் கழட்டிக் குடுங்க தம்பி. நான் வச்சிருக்கேன்."

கழற்றிக் கொடுத்தார். அவள் அதைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.