விரல் நுனியில் திரும்பி வந்த கோடுகள்

பிள்ளைகளா, உங்கள் உடம்புக்குள் ஓயாமல் ஒரு நகல் வேலை நடக்கிறது. எனக்கு அது விரலில் அடிபட்ட பிறகுதான் தெரிந்தது. நான் பத்தாவதோடு நின்றவன். தப்பாகச் சொல்லியிருந்தால் உங்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், டபுளிங் பிரிவில் இருந்தேன். இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்கும் வேலை. ஒருநாள் அறுந்த நூலைப் பிடிக்கப் போனேன். ஓடுகிற இழை வலது ஆள்காட்டி விரல் நுனித் தோலை வழித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் வேலையில் இழை தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று விரல்தான் சொல்லும். "புதுத்தோல் வந்துரும்" என்றார் டாக்டர். பழைய உணர்ச்சி வருமா என்றதற்கு, "பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்த் தங்கினேன்.

உங்கள் சித்தி அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் மருந்து போடும்போது கேட்டேன்.

"ஏம்மா, பழைய தோல் போயிருச்சு. புதுசுகிட்ட, நீ விரல் தோலுன்னு யாரு சொல்லிக்குடுக்கா?"

"நல்ல கேள்விதான் அத்தான். தாடைத் தோலு வந்துட்டா விரலுக்குல்லா சவரம் பண்ணணும்!"

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். அடியில் தப்பிய செல்கள்தான் இரண்டிரண்டாகப் பிரிந்து புதுத்தோல் ஆகின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நூல். உடம்புக்கான குறிப்பெல்லாம் நான்கே எழுத்துகளில் அதில் இருக்கிறது. பிரிவதற்கு முன் செல் அதை நகலெடுக்கும்.

"உங்க நூல் மாதிரியேதான். ரெட்டை இழை, முறுக்கினது."

மில்லில் நூல் சுற்றிய மாதிரிக் கோன் ஒன்றைத் தொடாமல் வைத்து, அதைப் பார்த்துத்தான் புதிதாக ஓட்டுவோம். "அப்போ பழசை அப்படியே வச்சுக்கிட்டுப் பக்கத்துல புதுசு முறுக்கும், என்ன?"

"இல்ல, பழசைப் பிரிச்சிரும். பிரிஞ்ச ஒவ்வொரு இழைக்கும் எதிர ஒரு புது இழை சேரும். இந்த எழுத்துக்கு எதிர இந்த எழுத்துதான் நிக்கும்னு கணக்கு. ரெண்டு நூல் ஆயிரும். ரெண்டுலயும் பாதி பழசு, பாதி புதுசு."

"முறுக்கைப் பிரிச்சா அது வேஸ்ட்டும்மா! கூட்டித்தான் தள்ளணும். நடுவுல பிரிச்சா முன்னாடி முறுக்கு ஏறிச் சிக்கு விழுமே?"

"அதுக்கும் செல்லுக்குள்ள ஆள் இருக்கு. முன்னாலயே போயி, இழையை அறுத்து, முறுக்கைத் தளத்தி, திரும்ப ஒட்டிரும்."

"முடிச்சு?"

"முடிச்சே கிடையாது."

"எழுத்து மாறி நின்னுட்டா?"

"அநேகமா எல்லாத்தையும் கண்டுபிடிச்சு எடுத்துரும். அதையும் மீறி ஒண்ணு ரெண்டு தப்பிரும்."

அடுக்களையிலிருந்து உங்கள் அம்மா சத்தம் போட்டாள். "ஏட்டி, காலேஜை மூடு. அவிய சாப்பிட வரட்டும்."

சோற்றின் முன்னால் உட்கார்ந்தும் மனம் அங்கே இல்லை. முடிச்சில்லாத ஒட்டு! எங்கள் பிரிவில் யாரும் கேட்டால் நம்பமாட்டார்கள். "அப்போ உணர்ச்சியும் இப்படியே வந்துருமா?" என்றேன்.

சித்தி என் விரல் கட்டைப் பார்த்தாள். "தோலு வரும் அத்தான். நரம்பு வேற கதை. அது பிரிஞ்சு பெருகாது. அறுந்த எடத்துலருந்து மெள்ள நீண்டு வரணும். வரும்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

கட்டு எடுத்தபோது தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. ரேகைக் கோடுகள் முன்பு ஓடிய வழியிலேயே ஓடின. ஆனால் எதைத் தொட்டாலும் வேறு யாரோ தொடுவது போலிருந்தது.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. விரலுக்கு இழை தெரியுமா என்று பார்க்க, தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிச் சிமெண்ட் தரையில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஊதிவிட்டு, அந்த விரலால் தேடினேன். வெகுநேரம் வெறும் தரைதான். பிறகு ஏதோ தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தேன். முடிதான். நம்பிக்கை வராமல், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன்.