கஜன் தந்த உறை

கஜனும் நானும் ஒன்றாகத்தான் விமானி உரிமம் வாங்கினோம். ஆக்லாந்தின் சின்ன விமான நிறுவனங்களில் விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால்தான் மதிப்பு. நான் கொடுக்கப் போன அன்று அவனுக்குப் பாபடோயிட்டோய் புறநகரில் ஒரு கடையில் வேலை.

"மச்சான், என்ரையையும் சேர்த்துக் குடு" என்று ஓர் உறையைத் தந்தான்.

தலைமை விமானி என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, ஒரே இடம்தான் இருக்கிறது என்றார். கஜன் என்னைவிட அதிக மணி நேரம் பறந்தவன். அவன் உறையை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

எனக்கு வேலை கிடைத்ததும் அவன்தான் கேக் வாங்கி வந்தான்.

"என்ரையையும் பாத்தவையோ?"

"ஆமா, பாத்தாங்க."

விசா முடிந்து அவன் யாழ்ப்பாணம் போய்விட்டான். பிரிக்காத அந்த உறை இன்னும் என் பையில் இருக்கிறது. பறக்கும்போது பை பக்கத்துக் காலி இருக்கையில் இருக்கும். அந்தப் பக்கம் நான் திரும்புவதில்லை.