ஜங்புராவில் ஒரு லேசர்டிஸ்க் பிளேயர்

ஹோலி முடிந்த வாரம், எங்கள் பழைய திரைப்படச் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். வங்காளி, எண்பதைத் தாண்டியவர். தில்லி வீட்டைக் காலி செய்துவிட்டுப் புனேயில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போவதாகச் சொன்னார். "உனக்காக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மெட்ரோவில் வராதே, வண்டி வைத்துக்கொண்டு வா" என்றார். சங்கத்தை மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. என்னை அவர் நினைவில் வைத்திருந்ததே எனக்கு ஆச்சரியம்.

போனால், இரண்டு அட்டைப்பெட்டிகள் நிறைய லேசர்டிஸ்குகள். மொத்தம் முப்பத்திரண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய எல்.பி. இசைத்தட்டின் அளவில், கண்ணாடி மாதிரி மினுங்கும் வெள்ளித் தட்டுகள் இவை. டிவிடி வருவதற்கு முன்னால், வீட்டில் நல்ல தரத்தில் சினிமா பார்க்க நினைத்தவர்கள் வைத்திருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு மணி நேரப் படம்தான் அடங்கும். அப்புறம் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

"பிளேயர்?" என்று கேட்டேன்.

"அது செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. பிளேயர் உன் பொறுப்பு" என்று சிரித்தார்.

இருபத்திரண்டு வயதில் ஸ்டெனோவாகத் தில்லிக்கு வந்தவள் நான். சரோஜினி நகரில் அண்ணனின் அரசுக் குடியிருப்பு. இரண்டு அறையில் ஆறு பேர். சனிக்கிழமை மதியம் மட்டும் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. சங்கம் வாடகைக்கு எடுக்கும் ஒரு சின்ன அரங்கு, மடக்கு நாற்காலிகள், கறுப்பு வெள்ளைப் படங்கள். முதலில் புரொஜெக்டரில் ஓட்டினார்கள், பின்னால் இந்தத் தட்டுகளில். எந்த நாட்டுப் படமோ, எந்த மொழியோ, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்யாணம், குழந்தை, ஜனக்புரிக்கு வீடு மாற்றம் என்று வந்த பிறகு போவது நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் நான் பார்த்த படங்கள்.

மகள் குருகிராமில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வீடியோ அழைப்பில் பெட்டியைக் காட்டினேன். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? இந்தப் படமெல்லாம் ஆன்லைன்ல மில் ஜாயேகா, கிடைச்சிடும். ஒரு கிளிக்தான்" என்றாள். தேடியும் பார்த்தாள். சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன். முப்பத்திரண்டு தட்டுகளைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு வேறெங்கோ போய்ப் படம் தேட எனக்கு மனசு வரவில்லை.

என் கணவர் ஓய்வுபெற்ற அரசு மின்பொறியாளர். எந்தப் படமானாலும் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவார். ஆனால் ஒரு கருவி வாங்க வேண்டும் என்ற பேச்சு காதில் விழுந்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அன்று மாலையே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்: எத்தனை வோல்ட், ஒரு பக்கம் ஓடுமா இரண்டு பக்கமும் ஓடுமா, உதிரி கிடைக்குமா. எனக்கு ஒரே நிபந்தனைதான். இரண்டு பக்கமும் தானாக ஓட வேண்டும். படத்தின் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப எனக்கு இஷ்டமில்லை.

முதலில் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போனோம். ஒரு சர்தார்ஜி கடையில், பழைய ஸ்டீரியோக்களின் அடியிலிருந்து ஒன்று வெளியே வந்தது. கரோக்கே பாடுவதற்காகச் செய்த பிளேயர் அது. முன்பக்கத்தில் இரண்டு மைக் துளைகள், சிவப்பில் பெரிய பெரிய பொத்தான்கள். பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் மட்டும்தான் ஓடும். நாங்கள் கொண்டுபோன தட்டைப் போட்டார். உடனே படம் வந்தது.

"மேடம்ஜி, இது குதிரை. சாகாது" என்றார் சர்தார்ஜி.

கணவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "ஏளா, இத எடுத்திரலாம். நம்ம ஊரு கரண்டுலயே ஓடுது. உள்ள சாமானும் கொஞ்சந்தான். கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடம் தில்லியில் இருந்தும் அவர் பேச்சில் திருநெல்வேலி அப்படியேதான் இருக்கிறது.

"மைக்க வச்சுக்கிட்டு நான் என்னத்த பாடப்போறேன்? ஒரு பக்கந்தான் ஓடும்ங்காரு. வேண்டாம்" என்றேன்.

அடுத்தது, இணையத்தில் மகள் கண்டுபிடித்துச் சொன்ன குருகிராம் இளைஞர். அவளும் எங்களோடு வந்தாள். அவரிடம் ஜப்பானிலிருந்து வந்த அழகான கறுப்புப் பிளேயர் இருந்தது. இரண்டு பக்கமும் ஓடும். நூறு வோல்ட்டில் ஓடுவதால் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தொட்டார். எங்கள் தட்டைப் போட்டுப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. அதில் தூசி இருக்கலாமாம். அப்புறம் எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டில் எந்த அறையில் வைப்பீர்கள்? வெயில் படுமா? கூலர் பக்கத்தில் இருக்குமா? சமையலறை எவ்வளவு தூரம்?

"தாளிக்கிறது உண்டா?" என்று கேட்கும் கட்டம் வந்ததும் கணவர் எழுந்துவிட்டார். "பொண்ணு குடுக்கதுக்குக்கூட எங்க மாமனார் இத்தன கேள்வி கேக்கல" என்று லிஃப்டில் சொன்னார். மகள் சிரித்த சிரிப்பில் கூட இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவதுதான் ஜங்புரா. ஒரு பஞ்சாபி அம்மாள் விற்கிறார் என்று மகளே மறுபடி தேடிச் சொன்னாள். தொலைபேசியில் அந்த அம்மாள் மறைக்காமல் பேசினார். தன் கணவரின் பிளேயர், நான்கு வருடத்துக்கு முன் அவர் இறந்ததிலிருந்து தொடவில்லை, தட்டு வைக்கும் இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது, உள்ளே ஏதோ ஒரு டிஸ்க் மாட்டிக்கொண்டிருக்கிறது. "அந்த டிஸ்கோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். வெட்டிய நரைமுடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. வரவேற்பறையின் மூலையில், எம்பிராய்டரி துணி போர்த்தி இருந்தது பிளேயர். துணியை எடுத்ததும் நான் கிட்டே போனேன். பழுப்புத் தங்க நிறத்தில், பக்கவாட்டில் மரப்பலகை வைத்து, ஒரு சின்ன அலமாரி மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் ஓடும். இந்திய மின்சாரத்துக்கே செய்தது. பக்கத்தில் அவர்களுடைய பழைய டி.வி.யும் அப்படியே இருந்தது.

"இதுதான்" என்று கணவரின் காதில் சொன்னேன்.

"ஓடுதான்னு பாக்காண்டாமா?" என்று அவர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதை எப்போது பையில் போட்டார் என்று எனக்குத் தெரியாது.

மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே நான்கு வருடத் தூசி. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினார். இழுப்பறை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "போர்ப்படமாகத்தான் இருக்கும். அவர் பார்ப்பது அது ஒன்றுதான். டாங்கி, துப்பாக்கி, பனி" என்றார் இந்தியில்.

என் கணவர் தட்டை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவிலிருந்த எழுத்தைப் படித்தார். தட்டைத் திருப்பி இன்னொரு முறை படித்தார். அப்புறம் சத்தமாகச் சிரித்தார்.

"அரே! இது என் படம்! ஆட்டமும் பாட்டுமாக ஒரே கூத்து. நான் போட்டாலே முகத்தைச் சுளித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். திருடன்! நான் இல்லாத சமயம் பார்த்துத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். என் கணவர் மட்டும் பிளேயருக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தார். "பெல்ட்டு தொளதொளன்னு ஆயிட்டு. வீட்ல ரப்பர் பேண்டு இருக்கான்னு கேளு" என்றார்.

சமையலறையில் கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்ட் கிடைத்தது. அதை மாட்டினார். லென்ஸைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தார். தட்டை வைத்துப் பொத்தானை அமுக்கினார். இழுப்பறை உள்ளே போனது. மோட்டார் சுற்றும் சத்தம், பிறகு டி.வி.யில் கோடுகள். கோடுகள் விலகின. ஒரு படிக்கட்டில் இருபது பெண்கள் தொப்பியோடு ஆடிக்கொண்டு இறங்கினார்கள்.

சும்மா ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போவதாக இருந்தோம். அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். டீ வந்தது, மொறுமொறுவென்று மட்ரி பிஸ்கட் வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரை கறுத்தது. உள்ளே என்னவோ கர்ரென்று நகர்ந்தது, தானாகவே மறுபக்கம் ஓட ஆரம்பித்தது. நான் கணவரை வெற்றியோடு பார்த்தேன். படம் முடிகிற வரை அந்த அம்மாள் ஒவ்வொரு பாட்டையும் கூடவே பாடினார்.

முடிந்ததும் எழுந்துபோய் அந்த எம்பிராய்டரி துணியை எடுத்தார். பிளேயரை மூடித் தருவதற்கென்று நினைத்தேன். அதை மடித்து அலமாரியில் வைத்தார்.

"என்னை மன்னிக்க வேண்டும்" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு. "ஓடாத பெட்டி என்றுதான் விற்க நினைத்தேன். இப்போது ஓடுகிறதே. நான் எப்படிக் கொடுப்பேன்?"

 "கொடுக்காதீர்கள்" என்றுதான் வாயில் வந்தது. அந்தச் சமயத்தில் அதை உண்மையாகத்தான் சொன்னேன். மெட்ரோவில் ஏறியதும்தான் கோபம் வந்தது.

"உங்கள யாரு அங்க வச்சு ரிப்பேர் பண்ணச் சொன்னா? அப்படியே தூக்கிட்டு வந்து நம்ம வீட்ல வச்சு மாட்டியிருக்கலாம்லா அந்த ரப்பர் பேண்ட?"

"ஓடுதான்னு பாக்காம எவனாவது வாங்குவானா?"

"இப்ப ஓடுது. யாரு வீட்ல ஓடுது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அடக்க முடியாமல் சிரித்தார். மண்டி ஹவுஸில் இறங்கி ரயில் மாறும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எஸ்கலேட்டரில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே சர்தார்ஜி கடைக்குப் போனோம். கரோக்கே பிளேயர் அங்கேயே இருந்தது. சர்தார்ஜி ஒரு துணியை எடுத்துச் சிவப்புப் பொத்தான்களைத் துடைத்தார், பழைய போர்வையில் சுற்றிக் கட்டினார், இரண்டு மைக்குகளையும் சும்மாவே போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜனக்புரி வந்து சேர்வதற்குள் கால் மரத்துப்போனது.

வீட்டில் இன்னொரு சிக்கல். புது டி.வி.யில் பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளைச் சொருக இடமே இல்லை. கணவர் முகம் மலர்ந்தது. மறுபடியும் கடைக்குப் போக ஒரு காரணம்! அந்தக் கம்பிகளைப் புது டி.வி.யோடு இணைக்க உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். அதைப் பொருத்தும்போது விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

ஜங்புரா அம்மாளின் ரப்பர் பேண்ட் இரண்டு வாரத்தில் அறுந்துவிட்டது. இவர் சரியான அளவில் பெல்ட் தேடி இரண்டு வாங்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டு, ராஜ்மா சாவல் சாப்பிட்டுவிட்டு வந்தார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் அங்கே போகிறோம், ஒரு ஞாயிறு அவர் இங்கே வருகிறார். இட்லிக்கு மிளகாய்ப் பொடி இருக்கிறதா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்.

எங்கள் பிளேயரில் முதலில் போட்டது, சங்கத்தில் நான் மூன்று முறை பார்த்த படம். ஒரு கடற்கரை ஊரில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் கதை. தன் காதலனுக்கு வந்த தந்தியை அவள் அவனிடம் கொடுக்காமல் மறைத்துவிடுவாள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். கணவர் வழக்கம்போலத் தூங்கிவிடுவார் என்று அவருக்கு ஒரு தலையணை கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் படம் நின்றது. நான் எழுவதற்குள் அவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினார். மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டாம் பக்கம் ஓடியது. நான் அவரைப் பார்க்கவே இல்லை. படம் முடிந்து, எழுத்துகள் மேலேறிப் போகும்போதுதான் குரல் வந்தது.

"அந்தத் தந்திய அவ ஏன் குடுக்கல?"

திரும்பிப் பார்த்தேன். தலையணை மடியில் இருந்தது. கண் நன்றாக விழித்திருந்தது.

"குடுத்தா அவன் ஊர விட்டுப் போயிருவான்லா."

"அது எனக்குத் தெரியாதா? மூணு நாள் கழிச்சாவது குடுத்திருக்கலாம்லா. சர்க்கார் வேலைல இருந்துக்கிட்டு அப்படிச் செய்யலாமா?"

"அவ என்ன உங்க டிபார்ட்மெண்டா?"

"யாரா இருந்தா என்ன? தந்தின்னா தந்திதான்."

நான் அந்தப் பெண்ணின் பக்கம் பேசினேன், அவர் அந்தக் காதலனின் பக்கம் பேசினார். டீ போடும்போதும் விடவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, கடைசியில் கப்பல் புறப்படும் காட்சியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவள் கையில் இருந்தது தந்தியா கைக்குட்டையா என்று தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். டம்ளரை நீட்டினேன். அவர் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுப் பிளேயரின் பக்கம் நடந்தார்.