இரண்டு மருந்துப் பொட்டலங்கள்

கோழி எச்சத்தில் நெளிந்த புழுக்கள் வெந்த சேமியாவின் நிறத்தில் இருந்தன. வெயில் ஏறியதும் சுருண்டு, பிறகு மண் ஒட்டி அசைவற்றுக் கிடந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. சாத்தூருக்குக் கிழக்கே, பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் போகும் ஒரு தெருவில் குடியிருந்தோம். எங்கள் ஐந்து கோழிகளும் வைத்ததையெல்லாம் தின்றுகொண்டே மெலிந்தன. கொண்டை வெளுத்து, சிறகைத் தொங்கவிட்டு, சுவரோரம் நின்றபடியே கண் செருகின.

என்ன கோளாறு என்று சொன்னவர் எதிர்வீட்டு மாரியம்மா அத்தை. கணவர் இறந்தபின் பதினொரு கோழிகளையும் அவை இடும் முட்டைகளையும் நம்பி வாழ்ந்தவர். தெருவில் எந்தக் கோழி தலை கவிழ்ந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "செய்வினையும் இல்ல, கண்ணேறும் இல்ல மதினி. வயித்துல புளு. நீங்க போடுற சோத்தை அதுதான் திங்குது" என்று அம்மாவிடம் சொன்னவர், மறுநாளே சாத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளைத் தூள் வாங்கிவந்து, செய்தித்தாளில் வீட்டுக்கொரு பொட்டலமாக மடித்துக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் 'மருந்து' என்ற சொல்லுக்கு நோய் தீர்ப்பது என்பது இரண்டாவது பொருள்தான். பட்டாசில் அடைக்கும் கலவையும், அதில் சேரும் உப்பும் தூளும் எல்லாமே 'மருந்து'. 'மருந்து ரூம்ல வேலை' என்றால் எவரும் மருத்துவமனையை நினைப்பதில்லை. அப்போது தீபாவளிச் 'சீசன்' நேரம். அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்து மத்தாப்பு செய்வதற்காக அப்பா கொண்டுவந்த வெள்ளை உப்பும், அதே அடுக்களைப் பலகையில், அதே போன்றதொரு செய்தித்தாள் பொட்டலத்தில் இருந்தது.

அம்மா குடத்தோடு குழாயடிக்குக் கிளம்பும்போது, "ஏட்டி, பலகையில மருந்து இருக்கு, சோத்துல பெசஞ்சு கோளிக்கு வையி" என்றாள். எந்த மருந்து என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. கைக்கு முதலில் பட்ட பொட்டலத்தைப் பிரித்தேன்.

உச்சிவேளைக்குள் ஐந்தும் கால் துவண்டு, எழ முயன்று முயன்று, கழுத்தை மண்ணில் சாய்த்துச் செத்தன. பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மா உள்ளே போய்ப் பலகையைப் பார்த்தாள்; அத்தை கொடுத்த பொட்டலம் மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது. வெளியே வந்து என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். வீட்டில் வெடிமருந்து இருப்பது தெரிந்தால் போலீஸ் வரும், அப்பாவைக் கொண்டுபோகும் என்பது எனக்கும் தெரியும்.

"மாரியம்மா குடுத்த மருந்து. வேற என்னத்த வச்சோம்?" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"எங்கோளியும் அதத்தான தின்னுச்சு மதினி? அந்தா, நல்லாத்தான மேயுது" என்றார் அத்தை.

"ஒங்கோளிக்குப் பாத்துத்தான் குடுத்திருப்ப" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. இன்னொருத்தி, "தெருவுல ஒம் முட்டை மட்டும் விக்கட்டும்னு நெனச்சியாக்கும்" என்றதும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அத்தை அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து குனிந்து, "நீதானளா பெசஞ்ச? நான் குடுத்த பொட்டலந்தானா?" என்று கேட்டார். அம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

அன்று மாலையே தெருவிலிருந்த பொட்டலங்கள் சாக்கடைக்குப் போயின. மிச்சமிருந்த வீடுகளின் கோழிகள் புழுவுக்கு இரையாகி ஒவ்வொன்றாக ஒழிந்தன. அந்தப் பழியும் அத்தையைத்தான் சேர்ந்தது. அவரிடம் முட்டை வாங்க ஆள் இல்லை. பொங்கலுக்கு முன்பே வீட்டைக் காலி செய்து, விருதுநகர் ஓரத்துச் சூலக்கரையில் பாத்திரம் துலக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

இன்று அந்தத் தெருவில் கோழி வளர்ப்பவர் எவருமில்லை. முனையில் பிராய்லர் கடை இருக்கிறது. இலக்கியம் படிக்க வந்த எனக்கு ஒரு சொல்லின் இருபொருளை விளக்குவது எளிது. மாரியம்மா அத்தையைத் தேடிப்போவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

சென்ற மாதம், அவர் வேலைபார்க்கும் வீட்டின் கேட்டருகே நின்று நடந்ததைச் சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே தெரியும்ளா. பொதைக்கக் கொண்டுபோனதுல ஒண்ண அறுத்துப் பாத்தேன். புளு அம்புட்டும் உசுரோட நெளிஞ்சுச்சு. எம் மருந்து அது வயித்துக்குள்ள போகவே இல்ல."

"ஏன் அத்தை யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? நீயே தலைய ஆட்டிட்டியே."

மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? அங்கன போயி, தெருவுல சொல்லு" என்று கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அந்தத் தெருவில்தான் அம்மா இருக்கிறாள். சீசனுக்கு அப்பா இன்றும் வீட்டுக்கு மருந்து கொண்டுவருகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.